விளக்குக் கம்பம் ஏறிய நாய்

“கையெழுத்துப் போட்டுடறேன்டா” என்றார் அத்தான்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த வாயாடிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருப்பதால்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது. துப்பறியும் தொழிலில் முதலாளியாக வாய்த்த மேடம், அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானமே தலைவலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வைத்த பெயர். ஆனால் இன்றைக்கு விசாரணைக் கைதியாக எதிரே நிற்பவர் சொந்த அக்காவின் கணவர். என்ன சொல்வது? வலையைப் பிடித்துக்கொண்டான்.

அத்தான் மருந்துக் கடைகளுக்குப் பெட்டி இறக்கும் பேட்டரி வேன் ஓட்டுகிறவர். போன வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு சரிவான தெருவில் பார்வையில்லாத கணக்கு வாத்தியார் ஒருவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. வாத்தியார் காதை நம்பித் தெருவைக் கடக்கிறவர். வண்டிச் சத்தம் கேட்டால் நிற்பார், கேட்காவிட்டால் நடப்பார். அன்றைக்கும் ஒன்றும் கேட்காமல்தான் காலை எடுத்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை.

பார்த்த சாட்சி ஒருவரும் கிடையாது. கேட்ட சாட்சி ஒன்று இருந்தது. தெருக்களின் சத்தத்தை அளக்கிற ஓர் ஆராய்ச்சிக் கூடம் அந்தத் தெருவின் விளக்குக் கம்பத்தில் ஒரு மைக்கை மாட்டி வைத்திருந்தது. போலீஸ் கேட்டதும் அந்தக் கூடத்து நிபுணர் பதிவைக் கொடுத்தார். அடித்த வண்டியில் இன்ஜின் சத்தமே இல்லை என்று எழுதியும் கொடுத்தார். தெருவின் கீழ்முனையில் இருக்கும் கடை கேமராவில் அந்நேரம் உள்ளே போன ஒரே எலக்ட்ரிக் வண்டி அத்தானுடையது. போலீஸுக்கு ஒன்றும் ஒன்றும் ரெண்டு.

போலீஸ் நம்பியதுகூடப் பரவாயில்லை, அத்தானே நம்ப ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் ஓட்டிய நாள் அது. பாதித் தூக்கம். எங்கோ ஓரிடத்தில் வண்டி லேசாகத் தூக்கிப் போட்ட ஞாபகம் இருக்கிறது, எந்தத் தெரு என்ற ஞாபகம் இல்லை.

“நான்தானோ என்னவோடா. இல்லன்னு சத்தியம் பண்ண எனக்கே நாக்கு எழல.”

வக்கீல் வேறு அவசரப்படுத்தினார். வாத்தியார் உயிரோடு இருக்கும்போதே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், அவர் போய்விட்டால் எதைப் பேசியும் புண்ணியமில்லை என்பது வக்கீலின் கணக்கு. சாயங்காலம் ஒப்புதல் தாளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தலை வாரவில்லை. தம்பியைப் பார்த்ததும் எழுந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊர்ல இருக்கறவன்கிட்டல்லாம் வாய் கிழியப் பேசுவியே. இன்னைக்கு ஒரு நாள் எனக்காகப் பேசுடா.”

“சாயங்காலம் வரைக்கும் அவரைக் கையெழுத்துப் போட விடாதக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் ஓடினான். வாசலில் மேடத்தின் பழைய பெட்ரோல் கார் நடுங்கிக்கொண்டு நின்றது. அது கிளம்பினால் மூன்று தெருவில் தூங்குகிறவர்களுக்கு அலாரம் தேவையில்லை.

மேடத்துக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: பூதக்கண்ணாடி. எரியாத கடைக்கும் இடியாத வீட்டுக்கும் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு கேட்டவர்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். பிறகு அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். பொய் சொன்னவர்கள் இரண்டாவது தடவையில்தான் தடுக்கி விழுவார்கள் என்பது அவர் அனுபவம்.

“போலீஸ்கிட்ட இருக்கறது ஒரே ஒரு கயிறு. அந்தப் பதிவு” என்றார் மேடம், கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டே. “அது அறுந்தா உங்க அத்தான் வெளிய வந்துடுவாரு.”

“அறுக்கலன்னா?”

மேடம் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

ஒலி நிபுணர் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, சத்தத்துக்கு டாக்டர். வாயாடி பார்த்த மாத்திரத்தில் அவருக்கு டெசிபல் என்று பெயர் வைத்துவிட்டான். மெலிந்த மனிதர். ரப்பர் செருப்பு. கதவைக்கூட இரண்டு கையாலும் பிடித்து ஓசைப்படாமல் சாத்தினார். சுவர் முழுக்க முட்டை அட்டை போல மேடும் பள்ளமுமாகப் பஞ்சு ஒட்டிய அறை. அதற்குள் வாயாடி பேசிய பேச்சு உதட்டைத் தாண்டியதும் செத்து விழுந்தது. இந்த அறையில் தனக்குப் பிழைப்பு நடக்காது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

திரையில் ஊரின் வரைபடம் இருந்தது. சத்தமான தெருக்கள் சிவப்பு, அமைதியான தெருக்கள் பச்சை. ஊரில் பாதி வண்டி எலக்ட்ரிக்காகவும் ஹைபிரிடாகவும் மாறிப்போனால் எந்தத் தெரு எந்த நிறமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் டெசிபலின் வேலை. மேடம் கேட்கக் கேட்க அவர் பொறுமையாக விளக்கினார். மெதுவாகப் போகும்போது எலக்ட்ரிக் வண்டி பூனை மாதிரி வரும். வேகம் கூடினால் இன்ஜினெல்லாம் ஒரு பொருட்டே அல்ல, டயர் தரையில் உரசுகிற சத்தம்தான் மேலோங்கும். அப்போது பெட்ரோல் காரும் எலக்ட்ரிக் காரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“ஹைபிரிட்?”

“அது கணக்குக்கே அடங்காது. மெதுவாப் போனா பேட்டரி, அழுத்தினா இன்ஜின். எப்ப எது பேசும்னு முன்கூட்டி சொல்ல முடியாது.”

“எங்க மாமனார் மாதிரி” என்றான் வாயாடி. டெசிபல் சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாரக்கணக்கில் தூங்காதவர் போலிருந்தார்.

பதிவைப் போட்டுக் காட்டினார். வெறிச்சோடிய தெரு, தூரத்தில் ஒரு பறவை. உஸ் உஸ் என்று என்னவோ. பிறகு மழை நெருங்கி வருவது போல ஓர் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. நடுவில் மொத்தென்று ஒரு சத்தம். இரைச்சல் குறைந்து போயிற்று. அவ்வளவுதான். ஒரு மனிதனின் வாழ்க்கை கவிழ்ந்ததற்கு அது ரொம்பச் சின்னச் சத்தம்.

ஆனால் உடனே ஒன்று பிடிபட்டது. அத்தானின் வேன் பாடும். நடந்துபோகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று எலக்ட்ரிக் வண்டிகளுக்குச் சட்டமே ஒரு ரீங்காரத்தைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. அந்த வேன் வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுவது வாடிக்கை. இந்தப் பதிவில் எங்கே அந்தப் பாட்டு? அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டான்.

டெசிபல் வருத்தத்தோடு தலையசைத்தார். அந்த ரீங்காரம் சைக்கிள் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் தானாக நின்றுவிடும், அதற்கப்புறம் டயர் சத்தமே போதும் என்று சட்டம் விட்டுவிட்டது. இந்த வண்டி அந்த வேகத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

வாயாடி உட்கார்ந்தான். எழுந்ததைவிட உட்காருவதற்கு நேரம் பிடித்தது. அறுந்துபோகும் என்று நினைத்த கயிறு இன்னும் ஒரு முறுக்கு ஏறி அத்தானின் கழுத்தை இறுக்கியதுதான் மிச்சம்.

“ஒண்ணு சொல்லணும்” என்றார் டெசிபல், திரையைப் பார்த்தபடி. “நான் வேன்னு எழுதல. எலக்ட்ரிக்னுகூட எழுதல. இன்ஜின் சத்தம் இல்லைன்னு மட்டும்தான் எழுதினேன்.”

மேடம் தலையாட்டினார். “அதை இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்.”

அவர் சொன்னார். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் உடைந்தது.

“ஆரம்பத்துல ஏதோ உஸ் உஸ்னு கேக்குதே, அது என்ன?”

“பின்னணி” என்றார் டெசிபல். “வண்டியில்லாத எல்லாத்தையும் நாங்க அப்படித்தான் சொல்லுவோம். காத்து, பறவை, எதுவா இருந்தாலும். கணக்குல சேராது.”

வாயாடி அதை மறுபடியும் போடச் சொன்னான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கொஞ்சம் ஈரமாக. அவனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவன் காதுக்குள் கேட்கிற சத்தம்.

“மேடம், இது காத்தில்ல, நாய். எங்க வீட்டு நாய் என்னை எழுப்பும்போது இப்படித்தான் மோந்து பாக்கும். மூக்கு மைக்குல படற அளவுக்குக் கிட்ட வந்திருக்கு.”

மேடம் அவரிடம் மைக் என்ன உயரத்தில் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார். யாரும் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டாள் உயரத்தில் மாட்டியிருப்பதாக அவர் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை மேடத்தின் மேல் இல்லை.

மேடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்தத் தெருவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இருபக்கமும் மாடி வீடுகள், கீழே மூடிக்கிடந்த இரண்டு கடைகள், நேர் இறக்கமாக ஒரு தார் ரோடு. விளக்குக் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டியும் அதன் மேல் மைக்கும் டெசிபல் சொன்ன உயரத்தில்தான் இருந்தன. கம்பத்தின் அடியில் ஒரு பழுப்பு நாய் படுத்திருந்தது. மேடத்தின் காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் மோந்து பார்த்தது. பிறகு வாயாடியின் முழங்காலை மோந்து பார்த்தது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

வாயாடி கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். நாயைக் குனிந்து பார்த்தான்.

“இதுக்கு ஏணி போட்டது யாரு மேடம்?”

“அதான் கேள்வி” என்றார் மேடம்.

அவர் நடைபாதையில் குனிந்தபடி நடந்தார். கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். சிமெண்டில் மூன்று மஞ்சள் பெயின்ட் புள்ளிகள் முக்கோணமாக இருந்தன. முக்காலி வைத்தால் மூன்று காலும் சரியாக உட்காரும். வாயாடி முட்டிபோட்டு அளந்தான். போட்டோக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு முக்காலி, அதன் மேல் மைக் என்றால் இடுப்பு உயரம் வரும். நாய்க்கு மூக்கு எட்டும். ஆக, போலீஸிடம் கொடுத்த பதிவு கம்பத்து மைக்கில் பதிந்ததே அல்ல. யாரோ இங்கே ஒரு மைக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இடுப்பு உயர மைக்கைத் தெருவில் விட்டுவிட்டு எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். வாத்தியார் அடிபட்டபோது ஆராய்ச்சிக் கூடத்து ஆள் இங்கேதான் இருந்திருக்கிறார்.

“இன்ஸ்பெக்டருக்குப் போன் போடட்டுமா?”

“போட்டு? நாய் மோந்ததுன்னு சொன்னா அவரு நம்மளை மோந்து பாப்பாரு. அந்த ஆள் இங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு தெரியணும்.”

அந்நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது. வக்கீல் வந்துவிட்டார், அத்தான் பேனா கேட்கிறார், தான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்று அழுதாள். இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கச் சொல்லி வாயாடி கெஞ்சினான். அழுது பார், சண்டை போடு, மயங்கி விழு என்றான்.

மேடம் அதற்குள் மேட்டை நோக்கி ஏறிப் போயிருந்தார். மேலே, ரோட்டு ஓரமாக, அதே மஞ்சளில் ஒரு கோடு. புள்ளிகள் மைக்குக்கு. கோடு எதற்கு? மேடம் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையே கிடந்த இறக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கார் சாவியை அவனிடம் எறிந்தார்.

“மேலருந்து வா. கோட்டுக்கு வந்ததும் இன்ஜினை அணை. அப்படியே உருண்டு வா.”

“இந்தக் காரா? இது நின்னுக்கிட்டு இருந்தாலே ஊர் கூடும்.”

“வாயாடி.”

அவன் ஏறி உட்கார்ந்தான். மேட்டின் உச்சியில் கார் வழக்கம்போல உறுமி, இருமி, புகை கக்கிக்கொண்டு வேகம் பிடித்தது. கோடு வந்ததும் சாவியைத் திருப்பினான். சட்டென்று எல்லாம் அடங்கியது. பத்து வருஷமாக அந்தக் காரில் அவன் கேட்டிராத அமைதி. கீழே மூன்று புள்ளிகளுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நின்ற மேடத்தைக் கடந்தபோது, ஊரிலேயே சத்தமான அந்த வண்டி வெறும் இரைச்சலாக, மழை நெருங்கி வந்து விலகுவது போல, போயிற்று.

பிறகுதான் அவன் பிரேக்கை மிதித்தான். முதல் மிதிக்கு லேசாகப் பிடித்தது. இரண்டாவது மிதிக்குப் பிரேக் கல்லாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பவில்லை. நின்றுகொண்டு மிதித்து, கைப் பிரேக்கை இழுத்து, கடைச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றபோது அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“இன்ஜின் அணைஞ்சா பிரேக்குக்குப் பலமே இல்ல மேடம்” என்றான் இறங்கி வந்து. “நடுவுல யாராவது வந்திருந்தா…”

“வந்தாரு” என்றார் மேடம். “இன்ஜின் சத்தம் இல்லன்னா எலக்ட்ரிக்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. அணைச்சு வச்ச இன்ஜினும் கத்தாது.”

ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். டெசிபல் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். திரை அணைந்திருந்தது. இவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தவர் போல, ஏன் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

மேடம் சண்டைக்குப் போகவில்லை. ஒரே ஒரு பாடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். கார் ஓடும்போது இன்ஜினும் கத்துகிறது, டயரும் கத்துகிறது. கணக்குக்கு டயர் சத்தம் மட்டும் தனியாக வேண்டுமென்றால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார்.

யாரும் கேட்காத பாடத்தைக் கேட்டுவிட்டால் வாத்தியார்களுக்கு வருகிற மலர்ச்சி டெசிபலின் முகத்தில் வந்தது.

“ரொம்ப சுலபம். வேகம் எடுத்து, ஒரு கோட்டுக்கு வந்ததும் இன்ஜினை அணைச்சுடுவோம். வண்டி தானா உருண்டு மைக்கைத் தாண்டும். அப்ப பதியறது டயர் மட்டும்தான்…”

அவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே ஒருவர் பேச்சை நிறுத்தினால் அப்புறம் ஒன்றுமே இருக்காது. மூன்று பேர் மூச்சு விடுவது தனித்தனியாகக் கேட்டது.

“நாங்க இப்பத்தான் அதைச் செஞ்சு பாத்துட்டு வரோம்” என்றார் மேடம். “பிரேக் பிடிக்கல.”

டெசிபல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதெல்லாம் விரலிடுக்கு வழியாகத்தான் வந்தது. அவருடைய கணக்கில் டயர் சத்தத்துக்கு வேறு ஊர் ரோட்டில் எடுத்த அளவைத்தான் போட்டிருந்தார். அது இந்த ஊர் ரோட்டுக்குப் பொருந்தவில்லை. மூடிய ரோட்டில், இரண்டு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் தெருவைக் காவல் பார்க்க வேண்டும். ரோட்டை மூட அனுமதி வரவில்லை. உதவியாளர் வரமாட்டேன் என்றுவிட்டார். விடியற்காலையில் யார் வரப்போகிறார்கள் என்று டெசிபல் தனியாகவே போனார். முக்காலி மைக்கை ஓடவிட்டுவிட்டு, சொந்த பெட்ரோல் காரை உருட்டிக்கொண்டு வந்தார்.

“எதுக்கு இந்தக் கணக்குன்னு தெரியுமா?” என்றார் அவர். “வண்டி வர்றது காதுல விழாத தெரு எதெதுன்னு கண்டுபிடிக்கத்தான். பார்வை இல்லாதவங்க எங்க மாட்டிக்குவாங்கன்னு முன்னாடியே சொல்றதுக்காகத்தான்.”

வாயாடிக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அடிக்க வேண்டும் என்பதுதான் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

கம்பத்து மைக்கின் பதிவு என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். அதில் முழுதும் பதிந்திருக்கும், நடுவில் வெட்டினால் அதன் நேரக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் வண்டி கடந்த நேரத்தை மட்டும் முக்காலிப் பதிவிலிருந்து வெட்டிக் கொடுத்தார். ஒன்றுமே கொடுக்காமல் இருந்தால் போலீஸ் கம்பத்துப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போயிருக்கும். வெட்டும்போது நாய் மோந்தது அவர் காதில் ஏறவே இல்லை. பத்துப் பதினைந்து வருஷமாக வண்டியை மட்டுமே கேட்டுப் பழகிய காது.

“அழிச்சுட்டீங்களா?”

“அளந்ததை அழிக்க எங்களுக்குக் கை வராது” என்றார் டெசிபல். திரையைப் போட்டார்.

மேட்டில் ஓர் இன்ஜின் உறுமி அணைந்தது. இரைச்சல் நெருங்கியது. மொத்தென்ற சத்தம். ரொம்பத் தூரம் தள்ளி ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. ஒருவர் ஓடிவரும் காலடி. பிறகு, அடிபட்ட மனிதரின் குரல், வலியைவிட ஆச்சரியம் அதிகமாக:

“வண்டி எங்கப்பா இருந்துச்சு? ஒண்ணுமே கேக்கலையே…”

ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று டெசிபலின் குரல் சொன்னது. எங்கோ ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. காலடி ஓடியது. இன்ஜின் கிளம்பிற்று. ஆள் வரவில்லை.

டெசிபல் திரையை அணைத்தார். “அவர் கண்ணு முழிக்கட்டும், நேரா அவர்கிட்டயே போய்ச் சொல்லிடலாம்னு தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போறேன். பிழைச்சுடுவாருன்னுதான் சொல்றாங்க. பிழைச்சுட்டாருன்னா நான் எதையும் தாங்கிக்குவேன்.” மேடம் மேசைமேல் இருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் இன்ஸ்பெக்டரின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.

வாயாடியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து இரண்டே வரி. அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்ததாம், வாத்தியார் இறந்துவிட்டார்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். வாத்தியார் பிழைப்பார் என்ற ஒரே நம்பிக்கையில் எதிரே ஒரு மனிதர் போனில் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். சொன்னால் அந்த விரல் நின்றுபோகலாம். சொல்லாமல் விட்டால் அது ஒரு ஏமாற்று வேலை, அதுவும் அவனுக்குத் தெரிந்தது. மேடம் அவன் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். வாயாடி போனைத் திருப்பித் தொடைமேல் கவிழ்த்துக்கொண்டான்.

டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டார். மறுமுனையில் இன்ஸ்பெக்டரின் குரல் நல்ல உற்சாகத்தில் இருந்தது.

“அட, டாக்டரா. நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். நம்ம கேஸ் முடிஞ்சுது. வேன்காரன் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான். அந்த வாத்தியாரும் போயிட்டாரு, பாவம். இனிமே உங்களைக் கோர்ட்டுக்கு அலையவிட மாட்டோம். சொல்லுங்க, என்ன விஷயம்?”

டெசிபலின் கண் மெல்ல வாயாடியின் தொடைமேல் கவிழ்ந்து கிடந்த போனுக்கு வந்தது. அங்கிருந்து அவன் முகத்துக்கு வந்தது. ‘ஒண்ணுமில்ல சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டால் போதும். பதிவு அவர் கையில். அவர் அழிக்கவே வேண்டாம், யாரும் இனி கேட்கப் போவதில்லை. வாயாடி கும்பிட நினைத்தான், கை எழும்பவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

“சார், அது எலக்ட்ரிக் வண்டி இல்ல” என்றார் டெசிபல். “பெட்ரோல் கார். இன்ஜினை அணைச்சுட்டு உருட்டிக்கிட்டு வந்தது நான்தான். முழுப் பதிவும் என்கிட்ட இருக்கு. அந்த வேன் டிரைவர் இதுல எங்கயுமே இல்ல.”

இன்ஸ்பெக்டர் வேறு குரலில், இடத்தை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லி வைத்தார்.

டெசிபல் போனை அதன் இடத்தில் ஓசைப்படாமல் வைத்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்” என்றான் வாயாடி.

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா போன் பண்ணியிருப்பீங்களா சார்?”

டெசிபல் உண்மையாகவே யோசித்தார். கணக்குப் போடுகிறவர் யோசிப்பது போல, விடை எதுவாக இருந்தாலும் சரி என்று யோசித்தார்.

“தெரியல” என்றார்.

மேடம் எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். வாயாடி அக்காவின் நம்பரை அழுத்தினான்.